தடையை மீறிய படங்கள்

2025 பிப்ரவரியில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள எட்னா எரிமலை மீண்டும் பொங்கியது. பனி படர்ந்த சரிவில் செந்நிறக் குழம்பு வழிவதைப் படமெடுக்க ஆயிரக்கணக்கானோர் மலையேறினர். குறுகிய மலைச்சாலைகளை அவர்களின் கார்கள் அடைத்துக்கொண்டதால் மீட்பு வாகனங்கள் திணறின. இதே எட்னாவில் 2017 மார்ச்சில் குழம்பு பனியைத் தொட்டு வெடித்ததில் பிபிசி குழுவினர் உள்ளிட்ட சிலர் காயமுற்றனர். நெருங்காதீர்கள் என்று எச்சரிப்பது வீணான கெடுபிடியல்ல.

என் உயிர், என் துணிச்சல், இதில் பிறருக்கென்ன என்பார்கள். ஜப்பானின் உன்சென் எரிமலையில் 1991இல் நடந்ததை அறிந்தவர் இப்படிப் பேசமாட்டார். மலை சரிந்து பாயும் காட்சிக்கு வாகான கோணம் கிடைத்ததால், மக்களை வெளியேறச் சொன்ன பகுதிக்குள்ளேயே செய்தியாளர்கள் நிலைகொண்டனர். ஆளில்லா வீடுகளின் மின்சாரத்தைச் சிலர் கேளாமலே பயன்படுத்தினர். வீடுகளைக் கண்காணிக்க உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன் 3 மாலை நான்கு மணி கடந்த சற்று நேரத்தில், கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த பெருமேகம் அவர்கள்மீது புரண்டது. மாண்டவர்கள் 43 பேர். அவர்களில் செய்தித்துறையினர் 16 பேர். தீயணைப்பு வீரர்கள் 12 பேர். செய்தியாளர்களை ஏற்றிவந்த டாக்சி ஓட்டுநர்கள் நால்வரும் தப்பவில்லை. ஓட்டுநர்களுக்கும் வீரர்களுக்கும் எந்தப் படமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

எரிமலை ஆய்வாளர்களான காத்யா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதியும் அன்றே இறந்தனர். அவர்கள் உருவாக்கிய எச்சரிக்கைக் காணொளி பிலிப்பைன்ஸில் பினாதுபோ எரிமலை அருகே திரையிடப்பட்டிருந்தது. ஜூன் 15இல் அம்மலை வெடிக்குமுன் பல்லாயிரம் பேர் வெளியேற அதுவும் துணைநின்றது. ஆகவே எரிமலையைப் படமெடுப்பதையே நாம் குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் கிராஃப்ட் தம்பதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு தற்படத்துக்காகத் தடையைத் தாண்டுவோருக்கு அந்தப் பெயரில் உரிமை ஏதுமில்லை.

தடைப் பகுதிக்குள் நுழைந்து எடுக்கப்படும் படம், எத்தனை அழகாயிருப்பினும், மீட்க வருவோரின் உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்டது. மலைச்சாலையை அடைத்து நிறுத்துவோரிடம் அபராதமும், மீறி மாட்டிக்கொள்வோரிடம் மீட்புச் செலவும் வசூலிக்க நிர்வாகங்கள் தயங்கக் கூடாது. அத்தகைய படங்களை விலைகொடுத்து வாங்கி முதல் பக்கத்தில் இடும் ஊடகங்களுக்கும் இப்பழியில் பங்குண்டு. எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டு, தடைக்கு உள்ளே என்று தெரிந்தால் படத்தைத் திருப்பியனுப்ப வேண்டியது ஆசிரியரின் கடமை.