முழங்காலைக் கேட்டு வாங்குங்கள்!

மலையேறும் கியர் சைக்கிளில் இப்போதெல்லாம் முன்னால் ஒரே பல்சக்கரம்தான். பின்னால் பல சைக்கிள்களில் 10 பல் முதல் 51 பல் வரை 12 சக்கரங்கள். "முன்னாடி 36 பல் போடுங்கப்பா, அப்பத்தான் பறக்கும்" என்பான் பையன். உடனே தலையாட்டிவிடாதீர்கள்!

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில், பின்னால் ஒரே கியரில் இருந்தாலும், 36 பல்லைவிட 30 பல்லில் மிதிக்கும் பாரம் ஆறில் ஒரு பங்கு குறையும். அத்தனையும் முழங்காலுக்கு லாபம். அமுக்கி அமுக்கி மிதித்தால் முழங்கால் சில்லைச் சுற்றி வலி பிடிக்கும். அப்புறம் தைலத்துக்கு எங்களிடம் வருவார்கள். தைலம் வலியைத் தணிக்கலாம். வலிக்குக் காரணமான பாரத்தைக் குறைக்காதே!

வேகம் போய்விடுமா? 29 அங்குலச் சக்கரம், முன்னால் 30, பின்னால் 10 பல். நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். காட்டுப் பாதைக்கு இது போதாதா?

புதியவருக்கு 30, பழகியவருக்கு 32 என்பதே என் கட்சி. மிக லேசான கியரிலும் உட்கார்ந்தபடி ஏற முடியவில்லையா? இன்னும் 2 பல் குறைக்க முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.