நான்கு பாட்டு, ஒரு தட்டு

கீர்த்தனைகளைத் தரம் பிரித்துக் காட்ட அறிஞர் பலர் உளர். 'துள்ளிசை' எனப்படும் ஈழத்துப் பொப் பாடல்களைப் பற்றி அவ்வாறு பேசுவோர் அரியர். "வெறும் கூத்துப் பாட்டுக்கள்தாமே!" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் எழுந்த அப்பாடல்கள் இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன. அரை நூற்றாண்டு கடந்தும் நிற்பதில் ஏதேனும் சத்து இருத்தல் வேண்டுமன்றோ?

அக்காலத்து ஈ.பி. இசைத்தட்டு ஏழு அங்குல அகலமுடையது. நிமிடத்துக்கு 45 முறை சுழல்வது. பக்கத்துக்கு இரண்டாகப் பெரும்பாலும் நான்கு பாட்டுக்களைக் கொள்வது. அத்தகைய தட்டொன்றை நாமே தொகுப்பதாயின் எந்த நான்கு? எவ்வரிசை? தாளத்தை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது யாது என்பதே நான் கொண்ட அளவுகோல்.

நான்காவது, ஏ. ஈ. மனோகரனின் 'இலங்கை என்பது நம் தாய்த்திருநாடு'. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அறிவிப்பாக வரும் அன்பு, ஒரு மனித முகத்தோடு வரும் அன்பைப்போல் நெஞ்சில் தங்குவதில்லை. 1983 முதல் 2009 வரை நாடு கண்ட போரின் பின் அதைக் கேட்கையில், களிப்பினும் ஏக்கமே மிகுகின்றது. அது பாட்டின் குறையன்று.

மூன்றாவது, அவரே பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி'. மெட்டுக்கு மாத்திரம் பரிசெனில் முதற்பரிசு இதற்கே. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் துள்ளல் இதிலுண்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் மூலம் தமிழகத்துத் திரையிலும் ஏறியது. மீனைப் பற்றிய பாட்டென்பதால் நம் கல்முனைக் கரைக்கு விளக்கம் வேண்டுவதில்லை. சிங்களமும் தமிழும் தோளிற் கைபோட்டு நடக்கும் பாட்டு இது. எனினும் தாளம் நின்றதும் சொற்களும் கரைந்துவிடுகின்றன.

இரண்டாவது, நித்தி கனகரத்தினத்தின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்குகிறோம். முடிந்தபின் குடியாற் கெட்ட ஒரு வீட்டின் கண்ணீர் நினைவில் நிற்கின்றது. மேடைச் சொற்பொழிவு அதட்டுகின்றது, இப்பாட்டோ கெஞ்சுகின்றது. அதட்டலுக்கு அசையாத நெஞ்சும் கெஞ்சலுக்கு அசைவதுண்டு.

முதலிடம், அதே நித்தியின் 'சின்ன மாமியே'. உரும்பிராயைச் சேர்ந்த இவர் நம் அம்பாறை ஹார்டி தொழினுட்பக் கல்லூரியில் பயின்றவர். ஆனால் முதலிடம் அதற்காக அன்று. இளைஞன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான். மாமி மறுமொழி கூறுகிறாள். அவ்வளவே பாட்டு. தாளமின்றி வாசித்தாலும் திண்ணையிலிருந்து பேச்சுக் கேட்கின்றது. இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளை அங்கே குடிபுகுகிறான். ஆதலின் மாமியின் சொல்லுக்கு இங்குள்ள எடை வேறு. பாண்டிருப்பில் இருப்பவளும் மாமியே. மருதமுனையில் இருப்பவளும் மாமியே.

இடைக்காலத்தில் இவ்விரு ஊராரும் ஒருவரையொருவர் ஐயுற்ற நாட்கள் உண்டு. அந்நாட்களிலும் இரு பக்கமும் ஒரே பாட்டுக்குத்தான் சிரித்தன. மாணவர்களே, இந்நான்கையும் மீண்டும் கேளுங்கள். வேண்டுமாயின் என் வரிசையை மாற்றுங்கள். அடுத்த ஊர் நண்பனையும் உடன் இருத்திக்கொண்டு மாற்றுங்கள்.