வண்டியைத் தூக்கிக் கட்டினால் கரிசல் விட்டுவிடுமா?

தை பிறந்துவிட்டால் கரிசல் காட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது. உளுந்தும் பாசியும் களத்துக்கு வர வேண்டும். மக்காச்சோளம் மூட்டையாக வேண்டும். மிளகாய்ப் பறிப்பு பின்னாலேயே வந்து நிற்கும். இதே நாட்களில்தான் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் நம் சரக்கு வண்டிகளும் பட்டறை வாசலில் காத்துக் கிடக்கின்றன. என்ன கோளாறு என்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பதில் இது: "பின்னால் ஷாக் அப்சார்பர் பிராக்கெட் விட்டுப்போச்சு."

விட்டுப்போன பிராக்கெட்டை வெல்டிங் வைத்து ஒட்டுகிறோம். பத்து நடை போவதற்குள் மறுபடி விடுகிறது. அடுத்த முறை தடித்த தகடு வைத்து ஒட்டுகிறோம். இப்போது தகடு நிற்கிறது. அது ஒட்டியிருந்த சேசிஸ் கீறுகிறது. பட்டறைக்காரரைக் குறை சொல்கிறோம். வண்டிக் கம்பெனியைக் குறை சொல்கிறோம். பிராக்கெட் ஏன் முறிகிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அப்படி முறியும் வண்டிகளின் கீழே சற்றுக் குனிந்து பாருங்கள். பலவற்றில் பின் பட்டைகள் கூடுதலாகக் கட்டப்பட்டு, கம்பெனி கொடுத்த உயரத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் தூக்கி நிற்கும். நோய் அங்கே இருக்கிறது. வெல்டிங் வைப்பது புண்ணின் மேல் துணி சுற்றுவது போலத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு விவசாயி தன் வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டியிருந்தால், அடுத்தடுத்த வெல்டிங்குக்குக் கொடுக்கும் காசைக் கொண்டு பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவது மேல்.

உயர்வது எது?

தூக்கிக் கட்டுகிறவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. நம் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்னும் களி மிகுதி. நீரைக் குடித்து உப்பும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழையில் ஒரு வண்டி போனால் தடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடு நிற்கும். அது காய்ந்தால் செங்கல் போல் இறுகிவிடும். அந்த மேட்டில் வண்டியின் அடிவயிறு தட்டுகிறது. உயர்த்தினால் தட்டாது என்று நினைக்கிறோம்.

ஆனால் மேட்டில் முதலில் தட்டுவது எது? பின் அச்சின் நடுவில் இருக்கும் டிபரன்ஷியல் குண்டு. அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டையைக் கூட்டினால் சேசிஸும் தொட்டியும்தான் மேலே போகும். குண்டு தரையிலிருந்து ஓர் இழைகூட உயராது. சக்கரம் பெரிதானால் மட்டுமே அது உயரும்.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. நம் முன்னோர் ஓட்டிய கட்டை வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் ஆள் மார்பளவு இருக்கும். ஆகவே அச்சே உயரத்தில் இருந்தது. எந்த மேட்டையும் தாண்டியது. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. குட்டி யானை என்று நாமே பெயரும் வைத்தோம். சின்னச் சக்கரம் கொண்ட அந்த வண்டி தார் ரோட்டுக்கும் கெட்டிப் பாதைக்கும் ஏற்றது. அதைக் கட்டை வண்டி ஆக்கப் பட்டையால் முடியாது.

இன்னொரு காரணம் சுமை. கூடுதல் மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் அமுங்குகிறது. பட்டை கூட்டினால் அமுங்குவதில்லை. அமுங்காவிட்டால் தாங்குகிறது என்று நம்புகிறோம். பட்டை தாங்கலாம். அச்சு, பேரிங், பிரேக், டயர் ஆகியவை பழையவைதானே? அவற்றின் பலம் கூடவில்லையே!

பிடி ஏன் முறிகிறது?

பட்டை சுமை தாங்குவதற்கு. ஷாக் அப்சார்பர் சுமை தாங்குவதற்கு அல்ல. பட்டையின் துள்ளலை அடக்குவதற்கு. பட்டையை மாடு என்று வைத்துக்கொண்டால் ஷாக் அப்சார்பர் மூக்கணாங்கயிறு. மூக்கணாங்கயிற்றில் பாரத்தைக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்?

தூக்கிக் கட்டிய வண்டியில் அதுதான் நடக்கிறது. சேசிஸுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடிவிட்டது. பழைய ஷாக் அப்சார்பரோ அதே நீளம். வண்டி சும்மா நிற்கும்போதே அது பாதிக்கு மேல் நீண்டுவிடுகிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அதன் நீளம் முடிந்துபோகிறது. பட்டை இன்னும் இறங்கப் பார்க்கிறது. ஷாக் அப்சார்பர் இறங்க விடுவதில்லை. அச்சும் இரண்டு சக்கரங்களும் அந்தக் கணத்தில் பிராக்கெட்டில் தொங்குகின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வெட்டு இழுப்பு. இரும்பானாலும் ஆயிரம் இழுப்பில் களைத்துக் கீறும்.

இதைத் தெரிந்துகொண்டு சிலர் நீளமான ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டுகிறார்கள். அது அமுங்கும்போதும் நீளமாகவே இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி ஒரு குழியில் விழுந்தால், அச்சு ரப்பர் கட்டையில் போய் முட்டுவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் அடிமுட்டிவிடும். முன்பு இழுத்து முறித்தது. இப்போது குத்தி முறிக்கிறது.

பிரேக்கும் கூலி ஆட்களும்

பிராக்கெட் முறிந்தால் சில நூறு ரூபாய்ச் செலவு என்று நினைத்தால் தவறு. முறிந்த ஷாக் அப்சார்பர் தொங்கி ஆடும். பக்கத்தில் பிரேக் பைப் போகிறது, டயர் சுற்றுகிறது. எதில் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

வண்டியை உயர்த்தும்போதே பின் பிரேக்கின் ரப்பர்க் குழாயும் கைப்பிரேக் கேபிளும் இழுபடுகின்றன. சில வண்டிகளில் சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் அது சுமையை அறிகிறது. இடைவெளி கூடினால் வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தோடு கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக விருதுநகர் சந்தைக்கு நான்கு வழிச் சாலையில் போகும்போது பாதிப் பிரேக்கோடு போகிறோம் என்று பொருள்.

மிளகாய் பறிக்கவும் களை எடுக்கவும் பெண்களை இதே தொட்டியில் நிற்க வைத்து அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கிக் கட்டியதால் எளிதில் சாயும் வண்டி, அடக்கம் இழந்த பட்டை, குறைந்த பிரேக், அதன் மேல் இருபது உயிர். இதை எந்த வெல்டிங்கும் சரிசெய்யாது. கூலிக்கு வருகிறவர்கள் நம் ஊர்ப் பெண்கள்தானே?

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

முறிந்தால் செய்ய வேண்டியவை

வழியில் முறிந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள். முடிந்தால் பாரத்தையும் குறையுங்கள். தொங்கும் ஷாக் அப்சார்பரைக் கழற்றி எடுத்துவிடுங்கள், அல்லது பிரேக் பைப்பில் படாமல் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். பட்டை பாரத்தைத் தாங்கும். ஆனால் வண்டி துள்ளும். மெதுவாக ஓட்டி வீடு சேருங்கள்.

பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவு கிடையாது. சிமெண்டுத் தரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பின் அச்சு தானாகத் தொங்கட்டும். ஷாக் அப்சார்பர் மாட்டும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே உள்ள நீளத்தை அளக்க வேண்டும். புது ஷாக் அப்சார்பர் முழுக்க நீளும்போது இதைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி அதே நீளத்தை மறுபடி அளக்க வேண்டும். அச்சுக்கும் ரப்பர் கட்டைக்கும் உள்ள இடைவெளியை அதிலிருந்து கழிக்க வேண்டும். முழுக்க அமுங்கிய ஷாக் அப்சார்பர் இதைவிட ஒன்றரை அங்குலமாவது குட்டையாக இருக்க வேண்டும். உதாரணமாகத் தொங்கும்போது 20 அங்குலம், தரையில் நிற்கும்போது பதினேழரை, ரப்பர் இடைவெளி 3 என்று வைத்துக்கொள்வோம். நீண்டால் 21-க்குக் குறையாமலும், அமுங்கினால் 13-க்கு மேற்படாமலும் இருக்கும் ஷாக் அப்சார்பர்தான் பொருந்தும். இந்த இரண்டு கணக்குக்கும் சரியாக ஒன்று கிடைக்கவில்லை என்றால், வண்டி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்று அர்த்தம்.

போல்ட் போட்டு மாட்டும் பிராக்கெட்டாக இருந்தால் கம்பெனிப் பாகத்தையே வாங்கிப் போடுங்கள். வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் சில விதிகள் உண்டு. பாட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டேங்க் பக்கம் பொறி பறக்கக் கூடாது. கீறல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு, கீறலைத் தேய்த்துத் திறந்து, அதன் பிறகு பற்ற வைக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. சூடுபட்டால் அதன் பதம் போய் ஒடியும். புஷ் உள்ள போல்ட்டை அச்சு தொங்கும்போது முறுக்காமல், வண்டி தரையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

மண்ணுக்கு ஏற்ற நடை

மீதி வேலை நம் கையில் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் கரிசலில் ஏர் பூட்டுவோமா? பதம் வரட்டும் என்று காத்திருப்போம். அந்த அறிவு வண்டி ஓட்டுவதில் மட்டும் எங்கே போகிறது? ஈரத்தில் வண்டியை இறக்கினால் டயர் பள்ளம் முழுதும் களி அப்பிக்கொள்ளும். எவ்வளவு உயர்ந்த வண்டியும் அங்கே நிற்கும். நிலமும் அமுங்கி இறுகும். காட்டிலிருந்து கெட்டிப் பாதை வரை மூட்டையை டிராக்டரிலோ மாட்டு வண்டியிலோ கொண்டுவந்து அங்கே மாற்றி ஏற்றுவது மலிவு. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் டிராக்டர் வாடகையும் பெரிதல்ல.

சரள் பாதையில் வேகத்தைக் குறைப்பதும் நமக்கே லாபம். அந்தப் பாதைகள் அலை அலையாக மாறி வண்டியை உதறுவதை எல்லோரும் அறிவோம். 1960-களில் ஆஸ்திரேலியாவில் கீத் மாதர் என்னும் விஞ்ஞானி சிறு சக்கரத்தை மணலில் சுற்றவிட்டு இதை ஆராய்ந்தார். சக்கரம் ஒரு வேகத்தைத் தாண்டினால்தான் மண்ணில் அலை பிடிக்கிறது. மெதுவாக உருண்டால் பிடிப்பதில்லை. பிராக்கெட்டை முறிக்கும் அந்த அலையை நம் வேகமே உண்டாக்குகிறது.

பாதையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ பாதைகளை அரித்துவிட்டது. காட்டுப் பாதைக்குச் சரள் அடித்து, இரு ஓரமும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் தடம் பள்ளமாகாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பத்து விவசாயிகள் சேர்ந்து எந்தப் பாதை, எத்தனை மீட்டர், எத்தனை ஏக்கருக்கு வழி என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானம் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு வண்டியை உயர்த்துவதற்கு ஆகும் பணத்தையும் உழைப்பையும் பார்த்தால், ஒரு பாதையை உயர்த்துவதே ஊருக்கு லாபம்.

வண்டி கடனில் வந்தது. தவணை மாதா மாதம் வரும். மழை ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அந்த ஒரு பருவத்து ஈரத்துக்கு அஞ்சி, ஆண்டு முழுதும் ஓட வேண்டிய வண்டியைக் கெடுத்துக்கொள்வது விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. பட்டையை இறக்குங்கள், பாரத்தைக் குறையுங்கள், பதம் பார்த்து ஓட்டுங்கள். பிராக்கெட் தன்னால் நிற்கும்.