ஆபத்துக்கு முன்னரே களம் காண வேண்டிய இயந்திரங்கள்

நிலம் அதிர்ந்து கட்டடங்கள் சரிந்த செய்தியோ, சுரங்கம் இடிந்து தொழிலாளர் சிக்கிக்கொண்ட செய்தியோ வரும்பொழுதெல்லாம், "ஒரு ரோபோவை உள்ளே அனுப்பலாகாதா?" என்ற கேள்வி எழுகின்றது. கேள்வி நியாயமானதே, ஆனால் அது எழுகின்ற வேளைதான் தவறானது. விபத்து நேர்ந்த பின்னர் அவசரமாகத் தேடிக் கொணரப்படும் இயந்திரம் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடும். இரண்டு விபத்துக்களுக்கு இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளில் அந்த இயந்திரம் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, எத்தனை முறை பழுதுற்றுச் செப்பனிடப்பட்டது என்பனவே அதன் பயனை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை விளக்குவதற்கு அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் விட்டேக்கர் அவர்களின் பணியைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் குளிர்நீர் குறைந்து, எரிபொருளின் ஒரு பகுதி உருகியது. உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கதிரியக்கம் மிக்க நீர் தேங்கி நின்றது. உள்ளே நிலைமை எவ்வாறு உள்ளது என்பதை அறியாமல் துப்புரவுப் பணியைத் தொடங்க இயலாது; அறிந்து வர மனிதரை அனுப்பவும் இயலாது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சிவில் இஞ்சினியரிங் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர் விட்டேக்கர். 1983-இல் அப்பல்கலைக்கழகத்தில் கள ரோபோக்களுக்கென ஓர் ஆய்வு மையத்தை அவர் நிறுவினார். அவருடைய குழுவினர் அமைத்த சக்கர வாகனம் ஒன்று, காமிராக்களையும் கதிரியக்க அளவுக் கருவிகளையும் தாங்கி, 1984-இல் அந்த அடித்தளத்தில் இறக்கப்பட்டது. மனிதக் கண் காண முடியாதிருந்த இடத்தைப் பொறியியலாளர் அதன் வாயிலாகவே கண்டனர். பின்னர்ச் சுவர்களின் கான்கிரீட்டுத் துண்டுகளும் இயந்திரத்தைக் கொண்டே எடுக்கப்பட்டன.

இவ்வெற்றியோடு அவர் அமைந்திருக்கலாம். அணு உலை விபத்து ஆண்டுதோறும் நேர்வதன்று. ஆயினும், அடுத்த விபத்து வரும்வரை இயந்திரத்தைக் கூடத்தில் பூட்டி வைப்பதற்கு அவர் உடன்படவில்லை. எரிமலை, பாலைவனம், பனிவெளி, கைவிடப்பட்ட சுரங்கம் எனக் கடினமான களங்களைத் தாமே தேடிச் சென்றார்.

எரிமலையைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. எரிமலை வாயில் வெளிப்படும் வாயுக்களை அறிய வேண்டின், ஆராய்ச்சியாளர் அதன் விளிம்பை நெருங்க வேண்டும். 1993 ஜனவரியில் கொலம்பியா நாட்டின் கலெராஸ் எரிமலை திடீரெனச் சீறியபொழுது, அங்கு ஆய்வு செய்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் அறுவரும் சுற்றுலாப் பயணிகள் மூவரும் மாண்டனர். அதே மாதத்தில், அண்டார்க்டிகாவிலுள்ள எரபஸ் எரிமலையில் விட்டேக்கர் குழுவினரின் 'டாண்டே' என்னும் எட்டுக்கால் ரோபோ இறக்கப்பட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் செல்வதற்குள் அதன் ஒளியிழைக் கம்பி அறுந்துபோயிற்று. பயணம் அத்துடன் முடிந்தது.

இந்தக் கம்பியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். களத்தில் இறங்கும் ரோபோவுக்குக் கம்பி உயிர்நாடி. செய்தியும், பல வேளைகளில் மின்சாரமும் அதன் வழியே செல்கின்றன. வானொலி அலைகள் பாறையையும் கான்கிரீட்டையும் ஊடுருவ மாட்டாத இடங்களில் கம்பியின்றி வழியில்லை. ஆனால் அதே கம்பி மூலையில் சிக்கும், கூரிய கல்லில் உராயும், குளிரில் முறியும். ஆய்வுக்கூடத்தின் வழவழப்பான தரையில் இக்குறைகளுள் ஒன்றும் தலைகாட்டுவதில்லை.

அடுத்த ஆண்டே 'டாண்டே 2' புறப்பட்டது. 1994 ஜூலை இறுதியில் அலாஸ்காவின் ஸ்பர் மலையில், 1992-இல் வெடித்திருந்த வாயினுள், வலுவான கம்பியைப் பற்றியவாறு அது இறங்கிற்று. ஆங்கரேஜ் நகரில் அமர்ந்திருந்தோர் அதனைக் கண்காணித்தனர். ஐந்து நாட்களுக்கு மேலாக உள்ளே உழன்று, வாயுக்களைப் பற்றிய விவரங்களை அது அனுப்பியது. மேலேறும்பொழுது வழுக்கும் சரிவில் கவிழ்ந்தது. ஹெலிகாப்டரால் தூக்க முயன்றபொழுது கம்பி அறுந்தது. முடிவில் மனிதரே வாயினுள் இறங்கிக் கட்டிக்கொடுக்க, அது மீட்கப்பட்டது. மனிதனைக் காக்கச் சென்ற இயந்திரத்தைக் காக்க மனிதன் இறங்க நேர்ந்ததே என்று நகைப்பார் நகைக்கலாம். ஆனால், வேண்டிய அளவுகள் கிடைத்துவிட்டன. இயந்திரம் எந்தச் சரிவில், எந்த நிலையில் கவிழும் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது அறிவு முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

1997-இல் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 'நோமாட்' என்னும் வண்டி 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அதே வண்டி 2000 ஜனவரியில் அண்டார்க்டிகப் பனியில் சாதாரணக் கற்களிடையே கிடந்த விண்கற்களைத் தானே இனங்கண்டது. இவை விண்வெளி ஆராய்ச்சிக்கு ஒத்திகையாக நிகழ்ந்தவை. எனினும் அவற்றால் வளர்ந்த திறமை மிக அருகிலேயே தேவைப்பட்டது. 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்வீகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்திலிருந்த பழைய சுரங்கமொன்றின் சுவரை அறியாமல் உடைத்துவிட்டனர். அதில் தேங்கியிருந்த வெள்ளம் பாய்ந்து ஒன்பது பேர் சிக்கினர். 77 மணி நேரத்துக்குப் பின்னரே மீண்டனர். பழைய சுரங்கத்தின் வரைபடம் சரியாக இல்லாமையே விபத்துக்குக் காரணம். விட்டேக்கர் இதனை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றார். மாணவர்கள் சேர்ந்து 'கிரவுண்டுஹாக்' என்னும் ரோபோவை உருவாக்கினர். 2003 மே மாதத்தில், கைவிடப்பட்ட மேத்திஸ் சுரங்கத்தினுள் அது தன்னந்தனியே 300 மீட்டருக்கு மேல் சென்று, லேசர்க் கதிர்களால் சுவர்களை அளந்து படம் வரைந்தது. கூரையிலிருந்து முறிந்து தொங்கிய சட்டமொன்று வழிமறித்தபின் அதற்கு மேல் செல்ல இயலவில்லை. வகுப்பில் மதிப்பெண் பெறுவதற்காகச் செய்யப்படும் மாதிரிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

இதற்கு நேர்மாறான படிப்பினையை ஜப்பானில் காணலாம். தொழிற்சாலை ரோபோக்களில் அந்நாடு உலகில் முன்னணியில் நிற்பது யாவரும் அறிந்ததே. 1999-இல் டோக்கைமுராவில் நேர்ந்த அணு விபத்துக்குப் பின்னர், அணு நிலைய விபத்துக்களில் பயன்படக்கூடிய ரோபோக்கள் அங்குச் சர்க்கார் செலவில் செய்யப்பட்டன. ஆனால் அவை தேவைப்படா எனக் கருதப்பட்டுப் பேணப்படாது விடப்பட்டன. 2011 மார்ச்சில் புக்குஷிமா விபத்து நேர்ந்தபொழுது கைக்கு எட்டிய இயந்திரம் இல்லை. ஏப்ரலில் உலைக் கட்டடங்களுள் முதலில் நுழைந்தவை அமெரிக்காவிலிருந்து வந்த ரோபோக்களே. நிலநடுக்க மீட்புக்கென ஜப்பானியப் பல்கலைக்கழகத்தினர் செய்திருந்த 'குயின்ஸ்' ரோபோ, தக்க மாற்றங்களுடன் ஜூன் மாதத்திலேதான் உள்ளே சென்றது. நன்கு உழைத்த அவ்வியந்திரமும் அக்டோபரில் இரண்டாவது உலைக் கட்டடத்தின் மாடியில் கம்பிப் பழுதினால் தொடர்பிழந்து நின்றுவிட்டது. எரபஸ் மலையில் அறுந்த கம்பியை இங்கு நாம் நினைவுகூராதிருக்க முடியாது. அந்நாட்டில் அறிவுக்கோ பொருளுக்கோ குறைவில்லை. இடைக்கால ஆண்டுகளில் இயந்திரத்தைக் களத்தில் பழக்கி வைக்கும் ஏற்பாடே இல்லாமற்போயிற்று.

நம் நாட்டின் அனுபவத்துக்கு வருவோம். 2023 நவம்பர் 12-ஆம் நாள் உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் அடைபட்டனர். ஒன்பது நாட்களுக்குப் பின்னர் ஆறு அங்குலக் குழாய் ஒன்றின் வழியே காமிரா செலுத்தப்பட்டபொழுதுதான் அவர்களுடைய முகங்களை வெளியுலகம் கண்டது. துளையிடும் பெரிய இயந்திரம் இடிபாட்டிலிருந்த இரும்பில் சிக்கி உடைந்தது. எஞ்சிய சுமார் 12 மீட்டரை 'எலிவளை' முறையில் பழகிய தொழிலாளர்கள் கையாலேயே தோண்டி முடித்தனர். பதினேழாம் நாளில் அனைவரும் உயிருடன் வெளிவந்தனர். அபாயகரமானது என்று 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயத்தில் எந்த முறையைத் தடை செய்ததோ, அதே முறையே இங்கு உயிர் காத்தது.

இதைக் கொண்டு, ஆட்கள் மிகுந்த நம் நாட்டிற்கு இயந்திரம் எதற்கு என வாதிப்போர் உளர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. அத்தொழிலாளர் வென்றது அவர்களுடைய கை அன்றாடம் அந்த வேலையில் பழகியிருந்தமையால். பழக்கமே வென்றது. இயந்திரத்துக்கும் அதே பழக்கத்தை அளிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. மேலும், மனித உயிர் மலிவானது என்னும் எண்ணம் எந்த வடிவில் வரினும் அதனை நாம் மறுத்தாக வேண்டும். நச்சு வாயு நிறைந்த கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும், அவ்வாறு இறங்கி மாள்வோர் இன்றும் உளர். கேரளத்துப் பொறியியல் பட்டதாரிகள் சிலர் செய்த 'பாண்டிகூட்' என்னும் ரோபோ 2018 முதல் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டு வருகின்றது. நாள்தோறும் வேலை செய்யும் இயந்திரமே பேரிடர் நாளிலும் நம்பத்தக்கது.

ஆதலின் களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்துக்குப் புதிய இயந்திரம் வருமாயின், அதனை உறை பிரிக்காமல் போற்றி வைக்க வேண்டாம். மழையில், சேற்றில், இருட்டில் இயக்கிப் பாருங்கள். எங்கே சிக்கியது, எப்பொழுது நின்றது, யார் எவ்வாறு மீட்டனர் என்பவற்றைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். பழுது நேர்ந்ததற்காக ஊழியரைக் கண்டிக்கும் வழக்கம் உள்ள இடத்தில் இயந்திரம் ஒருநாளும் களத்துக்கு வராது. ஆதலால் மேலதிகாரிகள் அப்பதிவேட்டைக் குற்றப் பத்திரிகையாகக் கருதாமல், வடிவமைப்போருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையாகக் கருதுதல் வேண்டும். உள்ளூர் மண்ணின் தன்மையும், வெள்ளம் வரும் வழியும், பழைய கிணறு தூர்ந்த இடமும் உங்களுக்கே தெரியும். தொலைவிலிருந்து வடிவமைப்பவருக்குத் தெரியா.

ஆசிரியர்களுக்கும் ஒன்று கூறலாம். கண்காட்சி மேசையின்மீது தவறின்றி ஓடும் சிறு வண்டியைக் காட்டிலும், பள்ளி மைதானத்துக் கற்குவியலில் கவிழ்ந்த வண்டி மாணவனுக்கு மிகுதியாகக் கற்பிக்கும். கவிழ்ந்ததற்கான காரணத்தை எழுதிக் காட்டியவனுக்கும் மதிப்பெண் வழங்குங்கள்.

திரீ மைல் ஐலண்டின் அடித்தளத்தில் தொடங்கிய பணி மேத்திஸ் சுரங்கம்வரை இடையறாது சென்றது. அதில் வெற்றிகளைப் போலவே அறுந்த கம்பிகளும் கவிழ்ந்த வண்டிகளும் உள. அவையனைத்தும் ஆபத்தில்லாத நாட்களில் செலுத்தப்பட்ட விலை. அவ்விலையைச் செலுத்தத் தயங்கும் நாடு, ஆபத்து வரும் நாளில் அதனை மனித உயிராகச் செலுத்த நேரும்.