உப்பு போட்டது யாரு பாஸ்?

லினக்ஸ் போட்ட மெஷின் முன்னாடி உட்கார்ந்து, 'எல்லாரும் புது வெர்ஷன் வெச்சிருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் ரெண்டு வருஷப் பழசு?'ன்னு கடுப்பாகியிருக்கீங்களா? இந்த வாரம் அந்தக் கடுப்போட கதைதான்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. சமைக்கிறவர் டெவலப்பர். அதை வாங்கி இலையில் பரிமாறுகிறவர் பேக்கேஜர். டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரிபியூஷன்களில் இருப்பவர். இந்தப் பந்தியில் ஒரு விசேஷம், பரிமாறுகிறவரே உப்பு, காரம் சேர்த்துக்கலாம். ஓபன் சோர்ஸ் லைசென்ஸ் அந்த உரிமையைக் கொடுக்குது. ஆனா, சாப்பிடுறவர் முகம் சுளிச்சா, திட்டு நேரா சமையக்கட்டுக்குத்தான்!

அப்படித் திட்டு வாங்கியே நொந்துபோனவர் ஜேமி ஜவின்ஸ்கி. நெட்ஸ்கேப் பிரவுசரின் ஆரம்பகால புரோகிராமர்களில் ஒருத்தர். 1992-லிருந்து 'எக்ஸ்ஸ்கிரீன்சேவர்' இவர் கைவண்ணம். டெபியனின் 'ஸ்டேபிள்' பதிப்போ சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தபிறகு பாதுகாப்பு ஓட்டை, பெரிய பிழை தவிர வேறெதையும் பெரும்பாலும் தொட மாட்டார்கள். ஆக, இவர் என்னிக்கோ சரிசெய்த பிழைக்கு இன்னிக்கும் புகார் மெயில்! பொறுத்துப் பார்த்த மனுஷன், 'இது ரொம்பப் பழசு, அப்டேட் பண்ணுங்க'ன்னு கொஞ்ச காலம் கழிச்சுத் தானா எட்டிப் பார்க்கிற எச்சரிக்கையை புரோகிராமுக்குள்ளேயே வெச்சுட்டார். 2016-ல் டெபியன்காரங்க ஸ்கிரீனில் அது முளைக்க, ஒரே ரகளை. 'அந்த வரியை வெட்டினாப் போச்சு'ன்னு சிலர். லைசென்ஸ்படி வெட்டலாம்தான். 'பழசையே கொடுக்கிறதா இருந்தா, என் புரோகிராமையே தூக்கிடுங்க'ங்கிறது ஜவின்ஸ்கி கட்சி.

என் ஓட்டில் பாதி அவருக்குத்தான். மீதி? ராத்திரி பகலா ஓடுற சர்வரைக் கவனிச்சுக்கிற அண்ணன்கிட்ட போய், 'வாராவாரம் புது வெர்ஷன்'னு சொல்லிப் பாருங்க... விரட்டி அடிப்பார். எதுவும் அசையக் கூடாதுன்னுதானே அவர் டெபியனுக்கே வந்தார்!

சரி, பரிமாறுகிறவர் கைவைச்சா என்ன ஆகும்? 2006-ல் ஆச்சு. நெட்டில் ரகசியம் காக்கும் 'ஓபன்எஸ்எஸ்எல்' புரோகிராமில் ரெண்டு வரிகளைப் பிழை தேடும் கருவி குறை சொன்னது. டெபியன் பேக்கேஜர் அவற்றை நிறுத்திவெச்சார். திருட்டுத்தனமா இல்லை, டெவலப்பர்கள் தரப்பில் கேட்டார். பிழை தேட உதவும்னா எடுக்கலாம்கிற மாதிரி ஒரு பதிலும் வந்தது. அவங்க நினைச்சது சோதனைக்கு. இவர் எடுத்ததோ ஊருக்கே போகிற பேக்கேஜில்!

ரகசிய சாவிக்கான ரேண்டம் எண்களைக் கலக்கிவிடுற வரி அது. அது போனதும் கலக்க மிஞ்சியது புராசஸ் நம்பர் மட்டும். அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். சாதாரண பி.சி.யே எல்லா சாவியையும் முன்கூட்டி செஞ்சு அடுக்கிவெச்சுக்கலாம். 2008 மே 13-ம் தேதி விஷயம் வெளியே வந்தப்போ, டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த இடைவெளியில் உருவான சாவிகளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு செய்ய வேண்டியதாச்சு. இருபது மாசம் ஒருத்தர் கண்ணிலும் படலை பாருங்க.

பேருக்கும் சண்டை உண்டு. 'மாற்றங்களுக்கு அனுமதி வாங்கு, லோகோவையும் போடு. இல்லைன்னா ஃபயர்ஃபாக்ஸ்ங்கிற பேரைப் போடாதே'ன்னு மொசில்லா சொல்ல, 2007-ல் வந்த டெபியன் 4.0-ல் அதே பிரவுசர் 'ஐஸ்வீசல்' ஆச்சு. நெருப்புக்குப் பதில் ஐஸ்... லொள்ளைப் பாருங்க! 2016-ல்தான் ராசியாகி, பழைய பேர் திரும்பி வந்தது.

அடுத்த தடவை ஏதாவது கிராஷ் ஆனா, எடுத்த எடுப்பில் டெவலப்பருக்கு மெயில் தட்டாதீங்க. வெர்ஷன் நம்பரின் வாலைப் பாருங்க. 'டெப்', 'உபுண்டு'ன்னு ஏதாவது ஒட்டியிருந்தா பேக்கேஜர் கை பட்டிருக்கலாம். முதல் புகார் அவருக்கு. டெபியனில் இதுக்காகவே 'ரிப்போர்ட்பக்'னு ஒரு கட்டளை இருக்கு. தட்டிப் பாருங்க, அதுவே ஒவ்வொரு கேள்வியா கேட்டுக் கூட்டிட்டுப் போகும்.