திருமலை டிக்கெட் முதல் எய்ம்ஸ் வரை: சர்வர்களின் 'ரிமோட் சாவி' யார் கையில்?

காலை 9.58. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு, ஒரு கையில் மொபைல், எதிரே லேப்டாப். திருமலை 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுக்காக இப்படிக் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். 10 மணிக்குத் திரையில் டிக்கெட் வராது, வரிசைதான் வரும். உங்கள் முறை வருவதற்குள் நல்ல தேதிகள் காலி!

நமக்கு இது ஏமாற்றம். தொழில்நுட்பக் குழுவுக்கோ இது வேறு மாதிரியான தலைவலி. மாதத்தில் சில மணி நேரம் மட்டும் பல லட்சம் பேர் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். அதற்காக வருடம் முழுக்கப் பெரிய சர்வர்களை வாங்கி சும்மா வைத்திருக்க முடியாது. தேவைப்படும்போது சர்வர்களை 'உருவாக்கி', கூட்டம் குறைந்ததும் 'அழித்துவிட' வேண்டும். அதுவும் சர்வர் இருக்கும் அறைக்குப் போகாமல், தொலைவில் இருந்தபடியே.

இது எப்படி நடக்கிறது? இதில் என்ன ஆபத்து?

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன?

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று, அறைகள் நாற்பது. ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு. உள்ளே இருப்பவருக்கு அது தனி வீடு மாதிரி.

ஒரு பெரிய சர்வரும் அப்படித்தான். அதற்குள் பல கணினிகளை மென்பொருள் மூலம் உருவாக்கலாம். அவைதான் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் விண்டோஸ் என்று ஓடலாம். அறைகளைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸில் இருக்கும் கேவிஎம் ஆகியவை இந்த வகை.

ரிமோட் டூல்கள் என்ன செய்யும்?

லாட்ஜ் ரிசப்ஷனில் எல்லா அறைச் சாவிகளும் தொங்கும், இல்லையா? அந்த ரிசப்ஷனை சென்னையில் இருந்துகொண்டே நடத்த முடிந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த டூல்களின் வேலை.

விஎம்வேருக்கு வி-சென்டர், கேவிஎம்முக்கு விர்ட்-மேனேஜர், பிரவுசரிலேயே திறக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் எனப் பல உண்டு. புது இயந்திரத்தை உருவாக்குவது, நிறுத்துவது, இப்போதைய நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட்டாகச் சேமிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே வேறு சர்வருக்கு மாற்றுவது என எல்லாம் சில க்ளிக்குகளில் முடியும். வட்டுகளை மொத்தமாக அழிப்பதும் அதே சில க்ளிக்குகள்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2021-ல் திருமலையில் என்ன நடந்தது?

கொரோனா காலக் கட்டுப்பாடுகளால் 2021 செப்டம்பரில் இலவச சர்வ தரிசன டோக்கன்களும் ஆன்லைனுக்கு வந்தன. கூட்டத்தைச் சமாளிக்க, திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் க்ளவுட் வசதியைப் பயன்படுத்தியது. அப்போது முன்பதிவுப் பக்கத்தின் முகவரியில் ஜியோ குழுமத்தின் பெயர் தெரிந்ததால் சர்ச்சை கிளம்பியது. இது தற்காலிக ஏற்பாடு என்று தேவஸ்தானம் விளக்கியது.

முகவரியில் யார் பெயர் தெரிகிறது என்பது நம் கண்ணுக்குப் படுவதால் சர்ச்சையானது. அதைவிட முக்கியமான கேள்வி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: பின்னால் ஓடும் இயந்திரங்களின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அதை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? தேவஸ்தானம் மட்டுமல்ல, க்ளவுட்டுக்குப் போகும் எந்தப் பொது அமைப்பிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

சித்தூர் ஏற்கெனவே பார்த்த பாடம்

2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை ரேன்சம்வேர், ஆந்திரக் காவல்துறையின் கணினிகளையும் விடவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. திருப்பதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில். தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் அந்தத் தாக்குதலில் சிக்கின.

வானாக்ரை நுழைந்தது விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக. ரிமோட் டூல்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது மார்ச் 14. தாக்குதல் தொடங்கியது மே 12. நடுவில் 59 நாட்கள் இருந்தன.

அடுத்த குறி: ரிசப்ஷன்

வானாக்ரை அறை அறையாக நுழைந்தது. பின்னால் வந்தவர்கள் நேராக ரிசப்ஷனுக்கே போனார்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் 'இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ்' ரேன்சம்வேர், இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களைத் தாக்கியது. ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் லாகின் செய்யத் தேவையில்லை. ஹைப்பர்வைசரில் இருந்தே அவற்றின் கோப்புகளைப் பூட்டியது.

அது பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு அப்டேட் வந்தது 2021 பிப்ரவரி 23-ல். 59 நாள் அவகாசம் போதவில்லை என்றால், இங்கே கிட்டத்தட்ட 23 மாதங்களும் போதவில்லை.

இந்தியாவில் இதன் வலியைக் காட்டியது டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23-ல் அங்கு நடந்த தாக்குதலில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் சொன்னது. நோயாளிகள் பதிவு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் பேப்பரில் நடந்தன. பிரச்சினை பெரிய ஹேக்கிங் வித்தை அல்ல, அடிப்படை ஒழுங்குதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த பட்டியல்தான். பின்பற்றுவதில்தான் கோட்டை விடுகிறோம்.

• நிர்வாகப் பக்கம் இணையத்தில் நேரடியாகத் தெரியக் கூடாது. விபிஎன் அல்லது தனி இடைநிலை சர்வர் வழியாக மட்டுமே நுழைய வேண்டும்.

• பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். குழு முழுக்க ஒரே 'அட்மின்' கணக்கைப் பகிரக் கூடாது.

• பேக்கப்பை அதே சாவியால் அழிக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் அல்ல. அதே சர்வரில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

• யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

• வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். சின்ன விஷயம்தான், பல இடங்களில் மறந்துபோவதும் இதைத்தான்.

நமக்கு என்ன?

டிக்கெட், ஆதார் இணைப்பு, மருத்துவமனைப் பதிவு என எதற்கும் நாம் நம் விவரங்களைத் தருகிறோம். அவை போய்ச் சேரும் இடம் ஏதோ ஒரு விர்ச்சுவல் மெஷின். அதன் ரிமோட் சாவி சித்தூரிலோ சிறுசேரியிலோ ஒருவரின் லேப்டாப்பில் இருக்கலாம். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

அப்படியானால், அடுத்த முறை டிக்கெட் வரிசையில் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வேலை செய்யலாம். உங்கள் டீமின் சர்வர்களுக்கு அட்மின் அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். போன வருடமே வேலையை விட்டவரின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா?