பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஒரு காடு!

மாலை டீயோடு பிஸ்கட், பிள்ளைகள் கேட்கும் நூடுல்ஸ், பேக்கரி பப்ஸ், கடை மிக்சர்... இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான பொருள் பாமாயில். உலக பாமாயிலில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதான் வருகிறது. அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா!

சுமத்ரா, போர்னியோ தீவுகளில் மழைக்காடுகளை அழித்து எண்ணெய்ப்பனை நட்டார்கள். அங்கு வாழும் ஒராங்குட்டான் குரங்குகள் அழிவின் விளிம்பில் நிற்க இது முக்கியக் காரணம்.

பாமாயிலை அடியோடு நிறுத்திவிடலாமா? அவசரம் வேண்டாம். ஒரே அளவு நிலத்தில் சோயா, கடலையைவிடப் பல மடங்கு எண்ணெய் தருவது இந்தப் பனைதான். எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால், இன்னும் அதிக நிலம் வேண்டும். வேறொரு காடு பலியாகும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பியிருக்கும் வீடுகளும் ஏராளம்.

குறைக்க வேண்டியது அளவைத்தான்.

* பொரித்த பலகாரம் வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொழுக்கட்டை, பழம்.

* பாக்கெட்டின் பின்பக்கம் பாமாயில், பாமோலின் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பழக்கத்துக்காக வாங்குவதைக் குறையுங்கள்.

பர்ஸுக்கும் லாபம், உடம்புக்கும் நல்லது. கடல் தாண்டி ஒரு காட்டுக்கும்தான்!